வசந்த கால கவுன்களுக்கு எந்த பேட்டர்ன்? – தையல் கேள்வி பதில்

வசந்த காலம் வந்தால் மெல்லிய துணியில் தளர்வான கவுன் தைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஒரு கேள்வியாக்கிப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: பூப்போட்ட காட்டன் லான் துணி 3 மீட்டர் வைத்திருக்கிறேன். ஜிப் வைக்கத் தெரியாது. இப்போது பலரும் தைக்கும் கவுன் பேட்டர்ன்களில் (துணியை வெட்ட உதவும் காகித வார்ப்புகளில்) எதை முதலில் எடுக்கலாம்?

ப: தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் ராக்லான் கை கவுன்தான் உங்களுக்கு ஏற்றது. ஃப்ரைடே பேட்டர்ன் கம்பெனியின் வைல்டர் கவுன் இந்த வகை: கழுத்தில் முடிச்சுப் போடும் நாடா, ராக்லான் கை, அடுக்கடுக்காகச் சுருக்கிய ஸ்கர்ட். ஜிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. சாதாரணக் கை வைக்கும்போது கைக்குழி வளைவுக்குள் கையின் தலையைச் சுருக்கி அடக்க வேண்டியிருக்கும். புதிதாகத் தைப்பவர்களுக்கு அங்கேதான் மடிப்பு விழும். ராக்லானில் கழுத்திலிருந்து அக்குள் வரை ஒரே சரிவுத் தையல், அந்தத் தொல்லையே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது சைஸ். இந்த வகை கவுனில் தளர்ச்சி தாராளமாக வைத்தே வரைந்திருப்பார்கள். உடலளவுப் பட்டியலை மட்டும் பார்த்து வெட்டினால் தோளில் தொளதொளவென்று நிற்கும். ‘தைத்து முடித்த அளவு’ என்று தனிப் பட்டியல் இருக்கும், அதில் மார்புச் சுற்றளவைப் பாருங்கள். உங்கள் மார்பளவைவிட 12 முதல் 16 செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். 25 செ.மீ. கூடுதல் என்றிருந்தால் ஒரு சைஸ் இறக்கி வெட்டலாம்.

காலர் வைத்துப் பழக வேண்டுமானால் அடுத்ததாக டியர் அண்ட் டோ நிறுவனத்தின் மியோசோடிஸ் கவுன். மாண்டரின் காலர், முன்பக்க பட்டன், சுருக்கம் வைத்த ஸ்கர்ட். நின்ற காலர் என்பதால் சட்டைக் காலரைவிட எளிது. காஜா எடுப்பதற்கு முன், அதே துணியை இரண்டாக மடித்து நடுவில் ஃபியூசிங் (இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டி, துண்டில் இரண்டு காஜா போட்டுப் பார்த்துவிடுங்கள். லானில் ஃபியூசிங் இல்லாமல் காஜா போட்டால் அலை அலையாக இழுத்துக்கொள்ளும்.

வெட்டும் முன் துணியை நனைத்து, பின்னாளில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். காட்டன், லினன், ரேயான் மூன்றுமே சுருங்கும். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

கே: மூன்றடுக்கு ஸ்கர்ட் வைத்த கவுனில் ஒவ்வொரு அடுக்குக்கும் எவ்வளவு துணி சுருக்க வேண்டும்? எனக்கு ஒன்று சப்பென்று வருகிறது, இன்னொன்று கூடாரம் மாதிரி நிற்கிறது.

ப: துணிக்கேற்ப விகிதத்தை மாற்றாததுதான் காரணம். லான், வாயில் போன்ற மெல்லிய துணிக்கு மேலடுக்கைப்போல் ஒன்றரை மடங்கு. நடுத்தர லினனுக்கு 1.3 மடங்கு போதும், அதற்கு மேல் போனால் தையலில் துணி திரண்டு இடுப்பைத் தடிமனாகக் காட்டும். 1.2க்குக் கீழே இறங்கினால் சுருக்கம் தெரியாது, தையல் பிசகியதுபோலத் தோன்றும்.

கணக்கு இப்படி. மேல்பாகத்தின் கீழ்ச்சுற்று 100 செ.மீ. என்று வையுங்கள். ஒன்றரை மடங்கில் மூன்று அடுக்குகளும் 150, 225, 337 செ.மீ. ஆகும். உயரம் 22, 25, 28 செ.மீ. மேலும் கீழும் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டால் வெட்டும் உயரம் 25, 28. கடைசி அடுக்கில் கீழ்மடிப்புக்கு 2.5 செ.மீ. விட்டு 32. பன்னா (துணியின் அகலம்) 140 செ.மீ. உள்ள துணியில் பட்டைகளைக் குறுக்காக வெட்டினால் முதல் அடுக்குக்கு 2 பட்டை, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3. ஸ்கர்ட்டுக்கு மட்டும் 202 செ.மீ. நீளம் தேவை. அதே கவுனை 1.3 மடங்கில் வெட்டினால் சுற்று 130, 169, 220. பட்டைகள் 1, 2, 2. நீளம் 145 செ.மீ. அரை மீட்டருக்கு மேல் மிச்சம். துணி குறைவாக இருப்பவர்கள் உயரத்தைக் குறைப்பதற்கு முன் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சுருக்கம் ஒரே சீராக வர இரண்டு வரி ஓட்டுத் தையல் கட்டாயம். மெஷினில் தையல் நீளம் 4 முதல் 5 மி.மீ., மேல் நூல் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள். தையல் கோடு 1.5 செ.மீ.யில் வருமானால், ஒரு வரி ஓரத்திலிருந்து 1 செ.மீ.யில், மற்றது 2 செ.மீ.யில். நடுவே உண்மையான தையல் ஓடும். கீழ் வரியைப் பிறகு பிரித்துவிடலாம். மூன்று மீட்டர் பட்டையை ஒரே நூலில் இழுத்தால் நூல் அறுந்துவிடும். அதனால் நான்கு பகுதிகளாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் எட்டு சமபாகமாகக் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, பாபின் நூலை (அடி நூலை) இழுத்துச் சுருக்கிப் பரப்புங்கள். தைக்கும்போது சுருக்கிய பக்கம் மேலே இருக்கட்டும். கீழே போனால் எங்கே மடிந்து மாட்டுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

கே: மார்பளவுக்குச் சரியான சைஸில் வெட்டினால் தோள் சரிந்து விழுகிறது. ஒரு சைஸ் குறைத்தால் மார்பில் பிடிக்கிறது. பேட்டர்னில் தவறா?

ப: பேட்டர்னில் தவறில்லை. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் போன்ற பெரிய நிறுவனங்களின் பேட்டர்ன்கள் பொதுவாக ‘பி’ கப் (பிராவின் கப் அளவு) அளவுக்கு வரையப்படுபவை. அதைவிட மார்பு பெரிதாக இருப்பவர்கள் மார்பளவைப் பார்த்து சைஸ் எடுத்தால் தோள், கழுத்து, முதுகு எல்லாமே சேர்ந்து பெரிதாகிவிடும்.

அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலாக டேப்பைச் சுற்றி ஓர் அளவு. மார்பின் முழுச் சுற்று இன்னோர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேல் அளவையே மார்பளவாகக் கொண்டு சைஸைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக மேல் அளவு 87, முழு அளவு 96 என்றால், 87 மார்புக்கான சைஸை எடுக்க வேண்டும். குறையும் 9 செ.மீ.யை முன்பக்கத்தில் மட்டும் சேர்க்க வேண்டும், அதாவது முன்பக்கப் பாதிக்கு 4.5 செ.மீ.

சேர்க்கும் முறை: முன்பாகத்தின் காகிதத்தில் மார்பு முனையைக் குறியுங்கள். அங்கிருந்து இடுப்புக்கு நேராக ஒரு கோடு, கைக்குழியின் கீழ்ப்பகுதிக்கு ஒரு கோடு, பக்கத் தையலுக்கு டார்ட்டின் (உடல் வடிவுக்காக முனை கூராக எடுக்கும் மடிப்புத் தையலின்) நடுவழியாக ஒரு கோடு. இடுப்பிலிருந்து முனை வரை, பிறகு கைக்குழி வரை வெட்டி, கைக்குழித் தையல் கோட்டில் மட்டும் ஒரு நூலளவு விட்டுவையுங்கள். பக்கக் கோட்டையும் அதேபோல் முனைக்குச் சற்று முன்வரை வெட்டுங்கள். நேர்கோட்டின் இரு ஓரங்களும் இணையாக இருக்கும்படி 4.5 செ.மீ. விரித்தால் பக்க டார்ட் தானே திறந்து அகலமாகும். நடு முன்பக்கத்தின் அடி மேலே ஏறி நிற்கும். அதைக் குறுக்காக வெட்டி, அடிக்கோடு சமமாகும் அளவுக்கு இறக்கி ஒட்டுங்கள். இடுப்பில் கூடியதை ஒரு டார்ட்டாக எடுக்கலாம், சுருக்கம் வைத்த ஸ்கர்ட் என்றால் பக்கத்தில் சரித்துவிடலாம்.

பழைய பெட்ஷீட்டில் மேல்பாகத்தை மட்டும் ஒரு முறை வெட்டி, ஓட்டுத் தையல் போட்டுப் பார்த்த பிறகு நல்ல துணியில் கை வையுங்கள். இன்னொன்று: புர்தா என்ற தையல் இதழோடு வரும் பேட்டர்ன்களில் தையலுக்கு விடும் துணி சேர்க்கப்பட்டிருக்காது. நீங்கள்தான் சுற்றிலும் வரைந்து சேர்க்க வேண்டும். மேலே சொன்ன நிறுவனங்களில் பெரும்பாலும் 1.5 செ.மீ. சேர்த்தே இருக்கும். இதைப் பார்க்காமல் வெட்டினால் ஒரு சைஸுக்கு மேல் சிறுத்துவிடும்.

கே: மேல்பாகம் முழுக்க எலாஸ்டிக் நூலால் சுருக்கிய கவுன் தைக்கிறேன். முதல் வரிகள் சுருங்கவே இல்லை. மெஷினில் கோளாறா?

ப: பெரும்பாலும் இல்லை. முதல் ஒன்றிரண்டு வரிகள் அப்படித்தான் இருக்கும், வரி கூடக் கூடச் சுருக்கம் ஏறும். எல்லா வரிகளும் முடிந்த பிறகு இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்து நீராவி காட்டுங்கள், எலாஸ்டிக் இன்னும் இழுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

எலாஸ்டிக் நூலைப் பாபினில் கையால், இழுக்காமல் சுற்ற வேண்டும். மேலே சாதாரண நூல். தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ., வரிகளுக்கு நடுவே 1 செ.மீ. இரண்டாவது வரியிலிருந்து, ஏற்கெனவே சுருங்கிய துணியை மெஷினுக்கு முன்னும் பின்னும் விரித்துப் பிடித்துத் தைக்க வேண்டும். நான்கைந்து வரிக்குப் பிறகும் சுருங்கவில்லை என்றால் துணியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எலாஸ்டிக் தொளதொளவென்று வளையமாகத் தொங்கினால், அது பாபின் கேஸின் பட்டைக் கம்பிக்குள் மாட்டவில்லை என்று அர்த்தம். மறுபடி மாட்டினால் சரியாகிவிடும்.

எவ்வளவு அகலம் வெட்டுவது என்பதை யூகிக்கவே வேண்டாம். 20 செ.மீ. துண்டில் ஐந்தாறு வரி தைத்து, நீராவி காட்டி, ஆறவிட்டு அளங்கள். அது 11 செ.மீ. ஆனால், உங்களுக்குத் தேவையான 80 செ.மீ. பகுதிக்கு 80 × 20 ÷ 11, ஏறத்தாழ 145 செ.மீ. வெட்ட வேண்டும். வேறு மெஷின், வேறு துணி என்றால் இந்தக் கணக்கு மாறும். வரியின் முனையில் பின்தையல் போட்டால் எலாஸ்டிக் நழுவிவிடும். மேல் நூலை அடியில் இழுத்து முடிச்சுப் போட்டு, அந்த முனைகள் பக்கத் தையலுக்குள் போகும்படி மூடிவிடுங்கள்.

கே: ராப் கவுனின் (முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டும் கவுன்) கழுத்து வாய் பிளந்து நிற்கிறது. எப்போதும் ஊசி குத்திக்கொண்டே போட வேண்டியிருக்கிறது.

ப: ராப் கவுனின் கழுத்து ஓரம் கிராஸாக, அதாவது இழைக்குச் சரிவாக, வெட்டப்படுவது. எடுத்து வைக்கும்போதே இழுபட்டு ஒரு செ.மீ. நீண்டுவிடும். வெட்டிய உடனே, மேசையை விட்டு எடுப்பதற்கு முன்பே ஓரத்திலிருந்து 1.2 செ.மீ.யில் தோளிலிருந்து இடுப்பு நோக்கி ஒற்றைத் தையல் போட்டுவிடுங்கள். பிறகு 6 மி.மீ. நாடா ஒன்றை எடுத்து, துணியை அளக்காமல் பேட்டர்ன் காகிதத்தில் உள்ள கழுத்து நீளத்தை அளந்து, அதைவிட 1 செ.மீ. குறைவாக வெட்டுங்கள். துணியை அதற்குள் சமமாக அடக்கி, தையல் கோட்டின் மேல் சேர்த்துத் தைத்தால் ஓரம் உடலோடு ஒட்டி நிற்கும்.

அதற்குப் பிறகும் பிளந்தால் பேட்டர்னிலேயே நீளம் அதிகம். கழுத்து ஓரத்தின் நடுவே 1 செ.மீ. மடிப்பு எடுத்து, மார்பு முனையில் ஒன்றுமில்லாமல் போகும்படி காகிதத்தை மடியுங்கள், பக்க டார்ட் அந்த அளவுக்குத் திறந்துகொள்ளும். ஸ்கர்ட்டின் மேலேறும் பகுதி ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல் வரை வருகிறதா என்று வாங்குமுன் படத்தில் பாருங்கள். பாதியோடு நின்றால், உட்காரும்போது தொடை தெரியும்.

கே: வாயில் துணியில் தையல் இழுத்துச் சுருங்குகிறது. தொடக்கத்திலேயே மெஷின் துணியை விழுங்குகிறது.

ப: ஊசி தடிமன். 60 அல்லது 70 எண் புது ஊசி, மெல்லிய பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2 மி.மீ. தொடக்கத்தில் இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் விழுங்கினால் அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம்.

கே: ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லை. மெல்லிய துணியின் உள்பக்கம் பிரியாமல் எப்படி முடிப்பது?

ப: பிரெஞ்சுத் தையல். துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து 6 மி.மீ.யில் தைத்து, ஓரத்தை 3 மி.மீ.க்கு நறுக்கி, திருப்பி இஸ்திரி போட்டு, வெளிப்பக்கங்கள் சேர 9 மி.மீ.யில் மறுபடி தையுங்கள். மொத்தம் 1.5 செ.மீ. சரியாகப் போயிருக்கும். நறுக்காமல் விட்டால் வெளியே நூல் மீசை எட்டிப் பார்க்கும். நேர்த் தையல்களுக்கு இது அருமை; கைக்குழி போன்ற இறுக்கமான வளைவுகளில் தடித்துவிடும், அங்கே கிராஸ் பட்டி வைத்து மூடுவதே நல்லது.

கே: பிடிஎஃப் பேட்டர்னை அச்சிட்டேன், எல்லாமே சிறிதாக வந்துவிட்டது.

ப: பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருந்து’ என்ற அமைப்பில் இருந்திருக்கும். 100 சதவீதம் என்று மாற்றி, சோதனைச் சதுரம் உள்ள பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டு ஸ்கேலால் அளங்கள். 10 செ.மீ. சதுரம் 9.7 காட்டினால் ‘போதும்’ என்று விடாதீர்கள், 100 செ.மீ. சுற்றில் 3 செ.மீ. போய்விடும்.

கே: வட்ட ஸ்கர்ட்டின் அடி ஓரம் தைத்தபோது சமமாக இருந்தது. இரண்டு நாளில் பக்கங்கள் இறங்கிவிட்டன.

ப: வட்ட ஸ்கர்ட்டில் சில இடங்கள் நேர் இழையிலும் சில இடங்கள் கிராஸிலும் அமைகின்றன. கிராஸான இடங்கள் தன் எடையிலேயே நீளும், ரேயானில் இது மிக அதிகம். இடுப்புவரை தைத்து முடித்த கவுனை ஹேங்கரில் ஒரு முழு நாள் தொங்கவிடுங்கள். பிறகு உடுத்திக்கொண்டு நேராக நிற்க, வேறொருவர் தரையிலிருந்து ஸ்கேலால் சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறி வைக்கட்டும். குறியிலிருந்து 1.5 செ.மீ. விட்டு நறுக்கி, 7 மி.மீ. வீதம் இரண்டு முறை மடித்துத் தையுங்கள். வளைவில் அகலமான மடிப்பு முறுக்கிக்கொள்ளும். ஏற்கெனவே தைத்துவிட்டதால், இறங்கிய பக்கங்களில் மட்டும் நறுக்கினால் போதாது. மடிப்பை முழுவதும் பிரித்து, இஸ்திரி போட்டு, சுற்று முழுவதையும் புதிதாக அளந்து குறியிடுங்கள்.