தென்னாப்பிரிக்காவின் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய எங்கே தொடங்குவது?

காந்தி அமைத்த கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளான பீனிக்ஸ், டால்ஸ்டாய் பண்ணை இரண்டையும் எப்படி ஆராய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். காந்தி 1904-இல் தொடங்கிய பீனிக்ஸ் எங்கள் டர்பனுக்குப் பக்கத்தில்தான். 1985 கலவரத்தில் எரிந்ததைப் பிறகு திரும்பக் கட்டினார்கள். ஆகவே கட்டடத்தைவிடக் காகிதங்களை நம்புங்கள். முதலில் காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் பழைய இதழ்கள். ஆரம்ப ஆண்டுகளில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது, பலர் அதைப் புரட்டுவதே இல்லை. அப்புறம் டர்பன் அருகே வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம்.

டால்ஸ்டாய் பண்ணைதான் நமக்கு இன்னும் நெருக்கம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல், 1,100 ஏக்கர், 1910-இல் காந்தியின் நண்பரான கட்டடக் கலைஞர் காலன்பாக் கொடுத்த நிலம். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அமைந்தது. அவர்களில் தமிழர்கள் ஏராளம். சொந்த வேலையாக நகரத்துக்குப் போனால் நடந்துதான் போக வேண்டும், விடியுமுன் இரண்டு மணிக்கே கிளம்புவார்களாம். பிள்ளைகளுக்குக் காந்தியே தமிழ் சொல்லிக்கொடுத்தார், அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்!

ஒரு கிளைக்கதை: காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்றது டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில். டர்பனை அடுத்த பைன்டவுன் அருகே 1882-இல் தொடங்கிய அந்த மரியன்ஹில் மடத்தையும் சேர்த்துப் பாருங்கள். சரி, காந்தியும் மற்றவர்களும் எழுதிய நினைவுக்குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள். அவை வருடங்கள் கழித்து எழுதப்பட்டவை.