ஒதுங்கி நின்ற அமெரிக்கா போருக்குள் வந்தது எப்படி? பேர்ல் துறைமுகம்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாமே இரண்டாம் உலகப் போரின்போது, 1941 டிசம்பரில் ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்தில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது பற்றியவை.

அரூர்: சார், 1941 வரைக்கும் அமெரிக்கா நடுநிலைன்னு போட்டிருக்கு. பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுத்ததுன்னும் போட்டிருக்கு. எதை எழுதுறது?

இரண்டும் சரி தம்பி. 1935, 1936, 1937 ஆண்டுகளில் வந்த நடுநிலைச் சட்டங்கள், போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதையும் கடன் கொடுப்பதையும் தடுத்தன. 1939 நவம்பரில் முதல் தளர்வு: ரொக்கம் கொடுத்து, சொந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாம். 1940 செப்டம்பரில் 50 பழைய நாசகாரிக் கப்பல்கள் பிரிட்டனுக்குப் போயின. பதிலுக்குத் தளம் அமைக்க இடங்கள் குத்தகைக்குக் கிடைத்தன. 1941 மார்ச் 11இல் கடன்-குத்தகைச் சட்டம் வந்த பிறகு ரொக்கமும் தேவைப்படவில்லை.

சரக்கு அனுப்பத் துணிந்த நாடு, ஆள் அனுப்பத் துணியவில்லை. 1941 ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா, பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில் தப்பியது. டிசம்பர் 8இல் அதே சபை 388-க்கு 1 என்று போருக்கு ஓட்டளித்தது. செனட்டில் 82-க்கு 0. எதிர்த்த ஒரே ஓட்டு மொன்டானா மாநில உறுப்பினர் ஜெனட் ராங்கினுடையது. பதிலில் வேறெது விட்டுப்போனாலும், 203-202, 388-1 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தாக்குதல் என்ன செய்தது என்பதை அவை காட்டிவிடும்.

ஓசூர்: அப்படின்னா தாக்குதல் நடந்தாலே நடுநிலை நாடு போருக்கு வந்துடுமா?

வராது. 1915 மே 7இல் ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா பயணிகள் கப்பலை மூழ்கடித்ததில் 128 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அமெரிக்கா அந்த முதல் உலகப் போருக்கு வந்தது 1917 ஏப்ரலில்தான். 1937 டிசம்பர் 12இல் சீனாவின் யாங்சி ஆற்றில் பனாய் என்ற அமெரிக்கப் பீரங்கிப் படகை ஜப்பானிய விமானங்களே மூழ்கடித்தன. ஜப்பான் மன்னிப்புக் கேட்டது, 22 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்டியது. விவகாரம் அத்தோடு முடிந்தது. 1941 அக்டோபர் 31இல் ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாசகாரியை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி, நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அப்போதும் போர் அறிவிப்பு இல்லை. பிரிட்டனுக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன கப்பல் அது. 'அங்கே நமக்கு என்ன வேலை' என்று போரை எதிர்த்தவர்கள் கேட்க இடமிருந்தது.

பேர்ல் துறைமுகத்தில் அப்படிக் கேட்க ஒரு வழியும் இல்லாமல் போனது. தாக்கப்பட்டது சொந்தத் தளம். வாஷிங்டனில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம். செய்தது யார் என்பதில் சந்தேகமில்லை, தவறிப்போய் நடந்தது என்று சொல்லவும் முடியாது. இறந்தவர்கள் 2,403 பேர். அதில் அரிசோனா என்ற ஒரே கப்பலில் 1,177. போரில் சேரக்கூடாது என்று நாடு முழுக்கக் கூட்டம் போட்டுவந்த 'அமெரிக்கா முதலில்' குழு, நான்கே நாளில் தன்னைக் கலைத்துக்கொண்டது.

பாலக்கோடு: ஜப்பானுக்கு ஏன் இந்த வம்பு?

எண்ணெய். தேவையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் படையை இறக்கியதும், அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெயையும் நிறுத்தியது. கையிருப்பு தீருவதற்குள் டச்சுக்காரர்களிடம் இருந்த இந்தோனேசிய எண்ணெய் வயல்களைப் பிடிக்க வேண்டும். அங்கே இறங்கும்போது, பேர்ல் துறைமுகத்தில் இருந்த அமெரிக்கப் பசிபிக் கடற்படை குறுக்கே வராதபடி சில மாதம் முடக்கி வைப்பதுதான் ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமாமோட்டோவின் திட்டம்.

காவேரிப்பட்டணம்: துறைமுகத்துல ஆழம் கம்மின்னு சொல்றாங்களே. அதுல டார்பிடோ எப்படி ஓடுச்சு?

அருமையான கேள்வி. ஆழம் சுமார் 40 அடி, நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை நிரம்பினால் 52 அடி, அதைவிடக் குறைவு. விமானத்திலிருந்து போடும் டார்பிடோ (தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு) முதலில் நூறடி வரைகூட முங்கிவிட்டுத்தான் மேலே வந்து ஓடும். 40 அடியில் அது சேற்றில் குத்தி நின்றுவிடும். ஜப்பானியர்கள் வால் துடுப்பில் மரப்பலகை பொருத்தினார்கள். காற்றில் வரும்போது அது டார்பிடோவைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் பட்டதும் உடைந்து கழன்றுவிடும். விமானிகளும் நீர்மட்டத்தை ஒட்டி, வேகத்தைக் குறைத்துப் போடப் பயிற்சி எடுத்தார்கள். இரட்டை வரிசையில் உள்பக்கம் நின்ற கப்பல்களை டார்பிடோ எட்டாது. அதற்காக 16 அங்குலக் கப்பல் பீரங்கிக் குண்டுகளைக் கடைந்து, 800 கிலோ கவசம் துளைக்கும் குண்டுகளாக மாற்றினார்கள். அரிசோனாவின் வெடிமருந்து அறையைப் பற்றவைத்தது அந்த வகைக் குண்டுதான்.

6 விமானந்தாங்கிக் கப்பல்கள் நவம்பர் 26இல் குரில் தீவுகளிலிருந்து கிளம்பின. குளிர்காலத்தில் வணிகக் கப்பல் அதிகம் போகாத வட பசிபிக் வழி, வானொலி மௌனம், நடுக்கடலிலேயே எண்ணெய் நிரப்பல். இரண்டு அலைகளாக 353 விமானங்கள் பறந்தன. 29 திரும்பவில்லை.

கோட்டை விட்டதும் உண்டு. கரையில் இருந்த 45 லட்சம் பீப்பாய் எண்ணெய், பழுதுபார்க்கும் உலர் துறைகள், நீர்மூழ்கித் தளம் மூன்றும் அப்படியே தப்பின. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்திருந்தால் தப்பிய கப்பல்களும் நின்ற இடத்தில் நின்றிருக்கும்.

பென்னாகரம்: முன்கூட்டி யாருமே பார்க்கலையா சார்?

பார்த்தார்கள். காலை 7:02க்கு ஓபானா ராடார் நிலையத்தில் பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து அன்று அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வரவேண்டியிருந்ததால், அதுதான் என்று விட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னால், ஏழு மணிக்குள்ளேயே வார்ட் என்ற நாசகாரி துறைமுக வாயிலில் ஒரு குட்டி நீர்மூழ்கியை மூழ்கடித்துத் தகவலும் அனுப்பியது. மேலிடத்தில் உறுதிப்படுத்தச் சொல்லியே நேரம் போனது. முதல் குண்டுகள் எட்டு மணிக்குச் சற்று முன் விழுந்தன. இன்னொன்று: நாசவேலைக்குப் பயந்து, காவலுக்கு வசதியாக விமானங்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். வானிலிருந்து வந்தவனுக்கு அதுவே வசதியானது.

கிருஷ்ணகிரி: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு முன்னாடியே தெரியும், வேணும்னே விட்டார்னு வீடியோ சுத்துதே?

நம்பாதீர்கள். அமெரிக்கர்கள் படித்துக்கொண்டிருந்தது ஜப்பானின் தூதரகச் சங்கேத மொழியை. தாக்குதல் திட்டம் அந்தத் தந்திகளில் இல்லை. போர் நெருங்குகிறது என்று தெரியும். பிலிப்பைன்ஸ், மலேயா பக்கம் எதிர்பார்த்தார்கள். போருக்குக் காரணம் மட்டும் வேண்டுமென்றால், கப்பல்களை உஷார்ப்படுத்திவிட்டு அடியை வாங்கியிருந்தாலும் அதே காரணம் கிடைத்திருக்கும். அமெரிக்க விமானந்தாங்கிகள் அன்று துறைமுகத்தில் இல்லாததை வைத்து, அவற்றை ஒளித்து வைத்ததாகச் சொல்வதும் நிற்காது: எண்டர்பிரைஸ் வேக் தீவுக்கு விமானம் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது, லெக்சிங்டன் மிட்வேக்கு விமானம் கொண்டுபோயிருந்தது.

ஊத்தங்கரை: ஜப்பான்காரன் அடிச்சான். ஜெர்மனியோட ஏன் சண்டை?

பலர் தாண்டிப்போகும் இடம் இது. டிசம்பர் 8இல் அமெரிக்கா போர் அறிவித்தது ஜப்பான்மேல் மட்டும். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் செய்த 1940 முத்தரப்பு ஒப்பந்தம், கூட்டாளி தாக்கப்பட்டால்தான் உதவச் சொன்னது; இங்கே தாக்கியதே கூட்டாளி. ஆகவே ஹிட்லருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் டிசம்பர் 11இல் அவரே முந்திக்கொண்டு அமெரிக்காமேல் போர் அறிவித்தார், இத்தாலியும் சேர்ந்தது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் ரூஸ்வெல்ட் ஐரோப்பியப் போருக்குத் தனியாக ஆதரவு தேட வேண்டியிருந்திருக்கும்.

ராயக்கோட்டை: நம்ம பக்கத்துல இப்படி ஏதாவது நடந்திருக்கா?

ஒத்துப்போகும் கதை ஒன்று உண்டு. 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் தாக்கினார். திப்புவோடு அப்போது கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, சமாதானத்தில் இருந்தது. ஆனால் திருவிதாங்கூர் அதன் நேச நாடு. சென்னை நிர்வாகம் தயங்கியது, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தயங்கவில்லை. மூன்றாம் மைசூர்ப் போர் அப்படித் தொடங்கியது. 1791இல் உங்கள் ராயக்கோட்டை கும்பினி வசமானது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) முழுக்கக் கும்பினிக்குப் போனது. ஆனால் இதை நடுநிலைக்கு உதாரணமாகத் தேர்வில் எழுதாதீர்கள். கும்பினி ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருந்தது, 1941இல் அமெரிக்கா அப்படி இல்லை.

தர்மபுரி: தேதி டிசம்பர் 7ஆ, 8ஆ?

ஹவாயில் 7, ஞாயிறு. தேதிக் கோட்டுக்கு மேற்கே ஜப்பானிலும் மலேயாவிலும் அதே நேரம் 8, திங்கள். மலேயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை 8ஆம் தேதி இறங்கியது என்று படித்துவிட்டு அதை இரண்டாவதாக எழுதுவார்கள். உண்மையில் அந்த இறக்கம் பேர்ல் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது. அந்தக் கரையைக் காத்தவர்களில் இந்திய வீரர்களும் உண்டு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய 5 விமானந்தாங்கிகளும் பேர்ல் துறைமுகத்துக்குப் போனவையே.