கொடைக்கானல் போகும் முன் கார் கொதிக்கிறதா? பழைய கார் கேள்வி-பதில்

பள்ளிகளுக்கு லீவு விட்டாச்சு. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இன்ஜின் சூடாவதைப் பற்றித்தான். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எதை மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்தில், எந்த நேரத்தில் சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறுகிறது என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போதா, பைபாஸில் ஓடும்போதா, மலையேறும்போதா என்று தெரிந்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

தாத்தா ஓட்டிய பிரீமியர் பத்மினி எங்களிடம் இருக்கிறது. மதுரை கோரிப்பாளையத்தில் நாலு சிக்னல் நின்றால் முள் சிவப்பைத் தொடுகிறது. பைபாஸ் ஏறினால் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகலாமா? (திருமங்கலம் வாசகர்)

ரேடியேட்டருக்குக் காசை எடுக்காதீர்கள். ஓடும்போது முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது, ரேடியேட்டரும் சூட்டை வெளியே தள்ளுகிறது. நிற்கும்போது மட்டும் ஏறுகிறது என்றால் காற்று போதவில்லை. ஓட்டத்தில் எதிர்க்காற்று அந்தக் குறையை மூடி மறைத்துவிடுகிறது.

முதலில் ஃபேன் பெல்ட். பத்மினியில் ஃபேனைச் சுற்றுவது பெல்ட்தான். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், சற்றுக் கூடுதலாக அமுங்கலாம். அதற்கு மேல் போனால் தொய்வு. பெல்ட்டின் உட்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் அது வழுக்குகிறது, இறுக்கிப் பயனில்லை, புதுசு போடுங்கள்.

அடுத்து ரேடியேட்டரின் முகம். ஃபின்களுக்கு நடுவே பூச்சியும் செம்மண்ணும் அப்பியிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன் வேண்டாம், அந்த மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். தோட்டத்து ஹோஸ் போதும். கிரில்லுக்கு முன்னால் நாலு ஃபாக் லைட், பெரிய போர்டு என்று மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். காற்று நுழைகிற வழியை அடைத்துவிட்டு ரேடியேட்டரைக் குறை சொல்லக் கூடாது.

மூன்றாவதாக டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறி தாமதமாக விழும். தாமதமாக எரிகிற பெட்ரோலின் சூடு சக்தியாக மாறாமல் சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்டுக்கும் போகும். தண்ணீர், பெல்ட், ஃபேன் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி சூடாகிறது, இழுவையும் குறைந்திருக்கிறது என்றால் பாயிண்ட் கேப்பையும் டைமிங்கையும் பாருங்கள். வேக்கம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு) இருந்தால், அதன் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்றும் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உறிஞ்சியதும் உள்ளே தட்டு நகர வேண்டும். காற்றுதான் வருகிறது என்றால் டயஃப்ரம் போய்விட்டது.

கடைசியில் ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கர் விசில் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் நிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். வத்தலக்குண்டு வரை சமாளிக்கும் வண்டி மலையில் கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடியின் தலையில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். பலமாக இருக்கட்டும் என்று 7 இருந்த இடத்தில் 13 போட்டால் பழைய ஹோஸும் பத்தவைத்த இடங்களும் பிய்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஒரு மதிய வெயிலில் கோரிப்பாளையம் போய் நின்று பாருங்கள். முள் நடுவில் நின்றால் தாராளமாகக் கிளம்பலாம்.

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பழைய மாருதி 800. ஊருக்குள் ஒன்றும் இல்லை. நாலு வழிச் சாலையில் 80-இல் பத்து நிமிடம் ஓடினால் சூடாகிறது. (மேலூர் வாசகர்)

அப்படியானால் உங்களுக்குக் காற்றுக் குறை இல்லை, தண்ணீர்தான் போதுமான அளவு ஓடவில்லை. வேகத்தில் இன்ஜின் தள்ளும் சூட்டை அடைபட்ட ரேடியேட்டர் வாங்க முடியாமல் திணறுகிறது.

இத்தனை வருடமும் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? போர் தண்ணீர்தானே? நம் பக்கத்துப் போர் தண்ணீரில் வாளியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்றும். ரேடியேட்டர் முகத்துக்கு அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். நடுவில் ஓர் இடம் மட்டும் சூடே இல்லாமல் இருந்தால் அங்கே அடைப்பு. பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்க்குள் தகடு விட்டுக் குத்தி எடுத்து, திரும்பப் பத்தவைத்துத் தருவார்கள். அலுமினியம் என்றால் மாற்றுவதுதான் வழி.

கீழ் ஹோஸையும் பாருங்கள். ஊறி மெலிந்த ஹோஸ், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும். ஐடிலில் நன்றாகத்தான் தெரியும். ஒருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு, கையையும் துணியையும் பெல்ட், ஃபேன் பக்கம் கொண்டுபோகாமல் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்ட் வாட்டர். போர் தண்ணீரை ஊற்றுவதாக இருந்தால் செய்த வேலை வீண்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று மெக்கானிக் அண்ணன் கழற்றி வீசிவிட்டார். சரிதானா? (அனுப்பானடி வாசகர்)

சரியில்லை. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பிவிடும். சூடு குறைவதற்குப் பதில் கூடிவிடும். புதுசு வாங்கி, மாட்டும் முன் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீரை மெல்லச் சூடேற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அண்ணனிடம் சண்டை வேண்டாம்.

என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போடிமெட்டு ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடுகிறது. முள் நடுவில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. (உசிலம்பட்டி வாசகர்)

உங்கள் வண்டியில் கொதிப்பது தண்ணீர் இல்லை, பெட்ரோல். மெதுவாக ஏறும்போது பானட்டுக்குள் சூடு தேங்கி, பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாமல் திகைக்கிறது. பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். இன்றைக்கும் வழியில் அதுதான் உடனடி வைத்தியம். நிரந்தரமாகச் சரிசெய்ய, பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத கட்டை இருக்கிறதா, யாராவது ஓவர்ஹாலில் விட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் மனதில் வையுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளையைப் பழைய அளவிலேயே விட்டால் காற்று-பெட்ரோல் கலவை மெலியும். மெலிந்த கலவையில் இன்ஜின் சூடாகும், இழுவை குறையும். கார்புரேட்டரை அதற்கேற்ப டியூன் செய்யச் சொல்லுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் அரிக்கும். பயணத்துக்கு முன் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். இது நெருப்புச் சமாச்சாரம், தள்ளிப்போடாதீர்கள்.

வழியில் கொதித்துவிட்டால் என்ன செய்வது? (வாடிப்பட்டி வாசகர்)

ஓரம் கட்டி அணையுங்கள். மூடியில் கை வைக்காதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகட்டும். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம் கனமான துணியை வைத்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழும்.

ஏற்றத்தில் டாப் கியரில் இழுக்கவிடாதீர்கள். கியரைக் குறைத்தால் இன்ஜின் சுற்று கூடும், பம்பும் வேகமாகச் சுற்றும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாக நிற்காமல் வருகிறது. ஆயில் மூடியின் உள்ளே பால் மாதிரி படிந்திருக்கிறது. அடுத்த வாரம் கொடைக்கானலில் ரூம் போட்டாச்சு. (தல்லாகுளம் வாசகர்)

சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் ஃபேஸிங் (அடிப்பக்கம் மட்டமாக இருக்கிறதா என்று) பார்த்து, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை வரிசைப்படி டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். அவசரத்தில் செய்கிற வேலை இல்லை. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள்.