ஏரித் தண்ணீர் ஏன் பச்சையாகிறது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி கோடையில் பச்சைப் பெயின்ட்டைக் கரைத்தது போல ஆகிவிடுகிறது. விடிகாலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. யாராவது விஷம் கலக்கிறார்களா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விடிகாலை என்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரைப் பச்சையாக்குவது பாசி. பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை விடுகிற அந்தப் பாசி, ராத்திரியில் மீனோடு சேர்ந்து தானும் ஆக்சிஜனையே இழுக்கும். அதனால் பொழுது விடிகிற நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, பாசிக்கு இவ்வளவு தீனி எங்கிருந்து வருகிறது? சாக்கடை, சோப்புத் தண்ணீர், வயலிலிருந்து வழியும் உரம். இதில் பாசியைக் கிளப்பிவிடுவது முக்கியமாக பாஸ்பரஸ்தான். கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973-இல் 226-ஆம் எண் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்து, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது! அந்த ஏரியை மேலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெங்களூருக் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளும் நம் தென்பெண்ணைதான் எனக்கு நினைவுக்கு வரும், மனசு வலிக்கும்.

கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தக் கால்வாய் வந்து கலக்கிறது என்று பாருங்கள். அதை நிறுத்தாமல் தூர் வாரினால் மட்டும் போதாது. அப்புறம், செத்த மீனைச் சமைக்க வேண்டாம். பச்சையாக இருக்கும்வரை மாடுகளுக்கும் அந்தத் தண்ணீரைக் காட்டாதீர்கள், சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு சுரக்கும்.