கார் இல்லாமல், அம்மா அப்பாவோடும் குழந்தைகளோடும் லேக் டிஸ்ட்ரிக்ட் போக எப்படித் திட்டமிடலாம்?

லண்டனில் இருக்கிறோம், கோடையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஏழு, கார் கிடையாது, இங்கிலாந்தின் வடமேற்கில் மலையும் ஏரியுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு வாரத்தில் எத்தனை ஏரி பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏரிகளை எண்ண வேண்டாம். அம்மாவின் முழங்கால் ஒரு நாளைக்கு எவ்வளவு நடை தாங்கும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தப் பயணத்தையும் அதை வைத்துத்தான் போட வேண்டும். அங்கே பதினாறு பெரிய ஏரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினால் பெரியவர்கள் பேருந்து நிறுத்தத்திலேயே களைத்துப் போவார்கள். ஒரே ஊரில் தங்கி, ஒரு நாளைக்கு ஓர் ஏரி, நடுவில் ஒரு நாள் எங்கும் போகாத ஓய்வு. ஒரு வாரத்துக்கு அது போதும்.

தங்குவதற்கு ஆம்பிள்சைடு நல்ல இடம். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஆக்சன்ஹோம் வரை மூன்று மணி நேரத்துக்குள்தான். அங்கே வண்டி மாறினால் இருபது நிமிடத்தில் விண்டர்மியர் ஊர். ஸ்டேஷன் வாசலிலேயே ஆம்பிள்சைடு பேருந்து கிடைக்கும். ‘ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரெயில்கார்டு’ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை ஒரே அட்டையில் போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். உங்கள் குடும்பத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கிறது.

ஹோட்டல் வேண்டாம், வீடு எடுங்கள். ஐரோப்பாவில் எங்கே போனாலும் மூன்றாம் நாள் பெரியவர்கள் ரசம் சாதம் கேட்பார்கள். ஆனால் வீட்டின் படங்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் கருஞ்சாம்பல் நிறப் பலகைக் கல்லில் கட்டியவை. பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே போனால் மாடிப்படி செங்குத்தாக, ஒரு ஆள் மட்டும் ஏறும் அகலத்தில் இருக்கும். படுக்கையறையும் குளியலறையும் பெரும்பாலும் மேலேதான். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கும் அப்பாவுக்கு அது ஆபத்து. அதனால் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையும் கழிப்பறையும் உண்டா என்று உரிமையாளரிடம் எழுதிக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். கூடவே அடுப்பு எந்த வகை என்றும் கேளுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது, அடிப்பகுதியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கராகப் பார்த்து எடுத்துப் போக வேண்டும். துவரம்பருப்பு, புளி, பொடி வகையெல்லாம் லண்டனிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பாலும் காய்கறியும் அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

இனி ஏரிகள். எனக்கு மிகவும் பிடித்தது கெஸ்விக் ஊரை ஒட்டிய டெர்வென்ட்வாட்டர். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் ஒரே நாளில் திருப்தியாகத் திரும்ப வேண்டுமானால் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆம்பிள்சைடிலிருந்து 555 எண் பேருந்து. முக்கால் மணி நேரப் பயணத்தில் ரைடல், கிராஸ்மியர், தேர்ல்மியர் என்று வரிசையாக நீர் தெரியும். தேர்ல்மியர் அணை கட்டிப் பெரிதாக்கிய ஏரி. 1894 முதல் அங்கிருந்து மான்செஸ்டருக்குக் குடிநீர் போகிறது. 150 கிலோமீட்டருக்கும் மேல் பம்பே இல்லாமல், வெறும் சரிவை நம்பியே ஓடுகிறது. பொறியியல் வேலை பார்த்த தாத்தாவாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஜன்னலை விட்டு நகர மாட்டார்.

கெஸ்விக்கில் மரப்படகுகள் ஏரியைச் சுற்றி வருகின்றன. கரையில் ஏழெட்டு இடங்களில் நின்று ஏற்றி இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். எல்லோரும் சேர்ந்து ஏறுங்கள். ஹாஸ் எண்ட் துறையில் நீங்களும் பிள்ளைகளும் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கேட்பெல்ஸ் குன்றுக்குப் பாதை போகிறது. உயரம் 451 மீட்டர்தான், ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டிய இடம் உண்டு. பத்து வயதுப் பையனுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் முழு விடுமுறையும். ஏழு வயதுக்காரிக்கு நீங்கள் பின்னால் கை கொடுத்துக்கொண்டே வர வேண்டும், பாறை ஈரமாக இருந்தால் அதோடு திரும்பிவிட வேண்டும். பெரியவர்கள் படகிலேயே சுற்றிவந்து கெஸ்விக்கில் இறங்கி, ஃபிரையர்ஸ் கிராக் என்ற ஏரிக்கரைப் பாறைமுனை வரை சமதளப் பாதையில் மெல்ல நடந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டர்மியர் ஏரிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இங்கிலாந்திலேயே பெரிய இயற்கை ஏரி அது, நீளம் 17 கிலோமீட்டர் இருக்கும். வடகோடியில் வாட்டர்ஹெட்டில் கப்பல் ஏறி, போனெஸ் என்ற ஊரில் மாறி, தென்கோடியிலுள்ள லேக்சைடு வரை போங்கள். படகுத்துறையை ஒட்டியே ஹேவர்த்வெயிட்டுக்கு நீராவி ரயில் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும். என் அப்பா அந்தப் பெட்டியில் ஏறியதும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டினார். சட்டைக் காலரில் விழுந்த கரித்தூளை விரலால் தொட்டுப் பார்த்து, மீட்டர்கேஜ் காலத்தில் மாயவரத்துக்குப் போன கதையைப் பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்தவர் திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை.

கிராஸ்மியருக்கு அரை நாள் போதும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் 1854 முதல் இஞ்சி ரொட்டி விற்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது, வாசனையே வழி காட்டும். டார்ன் ஹவ்ஸ் என்ற சிறிய ஏரிக்கு டாக்சி வைத்தாவது போய்விட்டு வாருங்கள். சுற்றுப்பாதை மூன்று கிலோமீட்டருக்குள்தான், சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் செப்பனிட்டிருக்கிறார்கள். வழியில் ஹெர்ட்விக் ஆடுகள் மேயும். குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வயதாக ஆக வெளுக்கும். உங்கள் பெண்ணிடம் எது குட்டி, எது பாட்டி என்று கேட்டுப் பாருங்கள்.

அல்ஸ்வாட்டர் மிக அழகான ஏரிதான். ஆனாலும் கார் இல்லாமல் போகிறவர்கள் அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது. யாராவது கார் வாடகைக்கு எடுக்கச் சொன்னால், ஹார்ட்நாட் கணவாய் பக்கம் மட்டும் பெரியவர்களோடு போக வேண்டாம். மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில், ஒரே வண்டி அகலத்தில் வளைந்து வளைந்து ஏறும் சாலை அது.

மழையைப் பற்றிப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அட்லாண்டிக் காற்று நேராக வந்து அந்த மலைகளில் மோதுகிறது. போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையின் மழையைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்க்காது, தூறிக்கொண்டே இருக்கும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், அதனால் தலைமூடி வைத்த மழைக்கோட்டு வேண்டும். அம்மாவைச் செருப்போடு விடவே கூடாது, நனைந்த பலகைக் கல் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ ஒன்றை லண்டனிலேயே வாங்கி, ஒரு வாரம் வீட்டுப் பக்கமே போட்டு நடக்கச் சொல்லுங்கள். மழை விடாத நாளுக்குக் கெஸ்விக்கில் பென்சில் அருங்காட்சியகம் இருக்கிறது. போரோடேலில் கிடைத்த கிராஃபைட்தான் அந்த ஊர் பென்சில் தொழிலுக்கு மூலம். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினருக்காக, உள்ளே வரைபடமும் குட்டித் திசைகாட்டியும் ஒளித்துச் செய்த பென்சில்களைப் பையன் விடாமல் பார்ப்பான்.

தேதி உங்கள் கையில் இருந்தால், ஜூலைக் கடைசியில் பள்ளி மூடும்வரை காத்திருக்காமல், மே மாத இறுதியில் வரும் அரைப்பருவ விடுமுறையில் போங்கள். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆகஸ்டு அளவுக்கு நெரிசலும் இருக்காது. கீழ்த்தளக் குளியலறை உள்ள வீடுகள் குறைவு, அவை சீக்கிரம் போய்விடும். அதனால் பெற்றோருக்கு விசா வந்ததும் முதலில் வீட்டைப் பிடியுங்கள், ரயில் டிக்கெட்டை முன்பதிவு திறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.