மாமா சொல்லும் மருத்துவமும் மகள் பார்த்த கழிவுநீர்க் குளமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் தாயாருக்கு வணக்கம். பல்கலைக்கழகம் புகுவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் வேதியியலில் ஏ எடுத்த மகள் மருத்துவம் வேண்டாம் என்கிறாள், அவளுடைய மாமாவோ, "நம் தோட்டத்திலிருந்து ஒரு டாக்டராவது வர வேண்டாமா?" என்று வரும்போதெல்லாம் கேட்கிறார், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் உங்கள் கணவர் ஓய்வுக்கால சேமநிதிப் பணத்தை எடுத்துத் தரவும் தயாராக இருக்கிறார். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் சேமநிதியில் கை வைக்காதீர்கள்.

தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்கும் செலவு 3 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) எளிதில் தாண்டும். படித்து முடித்தாலும் அரசு மருத்துவமனையில் நிரந்தர வேலை உறுதியில்லை. 2016-இல் புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தும் முறை வந்ததையும், 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் மாமா அறிந்திருப்பார். கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்திடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவத்தை விரும்பும் பிள்ளை இந்தச் சிரமங்களைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் மகள் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டாள். மருந்தியல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை நீங்களே விசாரித்திருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆலைக் கழிவுநீர்க் குளத்துத் தண்ணீரை மகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். ஒரு டன் செம்பனைக் குலையிலிருந்து எண்ணெய் எடுக்கும்போது அரை டன்னுக்கும் மேல் கழிவுநீர் வெளியேறுகிறது. 80 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில், பழுப்பு நிறக் குழம்பாக வரும் அது, காற்றுப் புகாத குளத்தில் நுண்ணுயிர்களால் சிதைந்து மீத்தேனாகக் குமிழியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இந்த வாயுவைக் குளத்தின் மேல் கறுப்பு விரிப்பைப் போர்த்திச் சேகரித்தால் மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளும், உற்பத்தித் திறனைக் கூட்டும் ஆலைகளும் மீத்தேனைச் சேகரிக்கவோ அது வெளியேறாமல் தடுக்கவோ வேண்டும். ஆனால் கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கிறது, குளத்தில் சேறு மண்டுகிறது, உட்புறத் தோட்டங்களுக்கு மின்கட்டமைப்பு எட்டுவதில்லை. இவற்றுக்கு மலிவான தீர்வு காணும் வேதியியலாளர் ஒரு நிறுவனத்தையே தொடங்கலாம்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்கட்டும். கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். வாங்கினாலும், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அடுத்து ஆய்வு முதுகலை. பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கும் இடமாகப் பார்த்துச் சேர வேண்டும்.

விஞ்ஞானி நிறுவனராக மாறும் கட்டத்தில்தான் வழிகாட்டி தேவைப்படுகிறார். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 2014-இல் தொடங்கிய சைக்ளோட்ரான் ரோடு திட்டம், தேர்ந்தெடுத்த விஞ்ஞானிகளுக்கு இரண்டாண்டு உதவித்தொகையும் ஆய்வக வசதியும் வழிகாட்டியும் தந்தது. கரியமில வாயுவை எரிபொருளாக்கும் ட்வெல்வ் நிறுவனம் அங்கே வளர்ந்தது. இங்கே எம்.டி.டி.சி., கிரேடில் போன்ற அரசு சார்ந்த அமைப்புகள் தொழில்முனைவோருக்கு நிதி உதவுகின்றன. ஆனால் பணம் மட்டும் போதாது. ஆய்வாளர் வாயுவின் தூய்மையை இன்னும் ஒரு விழுக்காடு கூட்டப் பார்ப்பார். ஆலை மேலாளரோ, குலை குவியும் மாதத்தில் உங்கள் கருவி பழுதாகி எத்தனை நாள் நின்றுபோகும், உதிரிப்பாகம் ஈப்போவில் கிடைக்குமா, சேற்றை யார் அள்ளுவது என்று கேட்பார். இந்தக் கேள்விகளை ஆய்வகத்தில் இருக்கும்போதே கேட்டுத் துளைப்பவர்தான் நல்ல வழிகாட்டி. ஓய்வுபெற்ற ஆலைப் பொறியாளர் ஒருவரை உங்கள் கணவருக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்டுபிடிப்பின் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கா, அவளுக்கா என்பதை நிறுவனம் தொடங்கும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். வீட்டையோ சேமநிதியையோ முதலாகப் போடவே கூடாது. இத்தகைய நிறுவனங்களில் பல மூடப்படுகின்றன. அப்படி நேர்ந்தாலும் அவளுக்கு வேலைக்கு வழியுண்டு: ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பை நடத்தத் தகுதிச் சான்று பெற்றவர் வேண்டுமென்பது சுற்றுச்சூழல் துறையின் விதி.

விண்ணப்பிக்கும் முன், இத்துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேருக்கு மகள் மின்னஞ்சல் அனுப்பட்டும். குளத்து நீரில் தான் கண்டதை அவளே அதில் எழுதட்டும். நீங்களோ நானோ திருத்தித் தர வேண்டாம்.