கண் விழிப்பதும் விழித்திருப்பதும்

கேள்வி: தூங்கி எழுவதை ஆங்கிலத்தில் 'வேக்' என்கிறோம். அயர்லாந்தில் சாவு வீட்டில் கூடுவதற்கும், கப்பல் போன பின் கடலில் தெரியும் தடத்துக்கும் அதே பெயராமே! மூன்றும் ஒரே சொல்தானா?

பதில்: முதல் இரண்டும் ஒன்றுதான். தமிழில் 'விழித்தான்' வேறு, 'விழித்திருந்தான்' வேறு அல்லவா? பழைய ஆங்கிலத்திலும் அப்படி இரண்டு வினைகள் இருந்தன. 'வக்கன்' என்றால் கண் விழிப்பது. 'வக்கியன்' என்றால் தூங்காமல் காவல் இருப்பது. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'வேக்' ஆகிவிட்டன. பழைய நூல்களில் 'வோக்' என்பதோடு 'வேக்டு' என்ற இறந்தகால வடிவத்தையும் பார்க்கலாம். அது இரண்டாவது வினை விட்டுச்சென்ற மிச்சம். காவலைக் குறிக்கும் 'வாட்ச்' என்ற சொல்லுக்கும் இதே வேர்தான்.

இது தெரிந்தால் சாவு வீட்டு 'வேக்' தானே விளங்கும். அடக்கம் செய்யும்வரை உறவினரும் அக்கம்பக்கத்தாரும் உடலைத் தனியே விடாமல், இரவெல்லாம் கண்விழித்து அருகில் இருப்பார்கள். இறந்தவர் எழுந்துவிடுவாரோ என்று காத்திருந்ததால் வந்த பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். துணையாக இருப்பதைச் சொல்லும் அழகான சொல்லை அந்தக் கதை கெடுக்கிறது.

கப்பல் தடத்துக்கு இதில் உறவே இல்லை. உறைந்த நீரில் பனிக்கட்டி விலகி உண்டாகும் திறப்பைக் குறித்த ஸ்காண்டிநேவியச் சொல் அது. ஒலி மட்டும் ஒத்துப்போய்விட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். 1931-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பொய்யாகப் பாலியல் வன்கொடுமைக் குற்றம் சுமத்தினார்கள். 'ஸ்காட்ஸ்போரோ பாய்ஸ்' என்று அந்த வழக்கைப் பற்றிப் பாடிய கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, 1938 ஒலிப்பதிவில் தம் மக்களிடம், அந்தப் பக்கம் போகும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள், 'ஸ்டே வோக்' (விழித்தே இருங்கள்) என்கிறார். தூக்கம் கலைவதைப் பற்றிய பேச்சே இல்லை அங்கே. உயிருக்குக் காவலாக இருக்கச் சொல்கிறார். பழைய 'வக்கியன்' சொன்ன அதே பொருள்! அநீதியை உணர்ந்து விழிப்போடிருப்பது என்ற பொருளில் 'வோக்' ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது 2017-ல்தான்.